மொட்டைமாடி வாலையர்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை முதலிய தென்சென்னைப் புறநகர்களில், பணி ஓய்வுக்குப் பின் மொட்டைமாடியில் குடியேறும் மாந்தருள் மாடித்தோட்டக்காரருக்கும் புறா வளர்ப்போருக்கும் அடுத்து வைத்து எண்ணத்தக்கவர் வாலையர் ஆவார். வாலை என்பது நீரைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்துத் தூய நீராக இறக்கும் கருவி. ஓமத் தீநீர் போன்ற சித்த மருந்துகளும் இதைக்கொண்டே இறக்கப்படுகின்றன என்பதையும், தேசிய சித்த மருத்துவ நிறுவனமே தாம்பரம் சானடோரியத்தில் இருப்பதையும் இவர் கேளாதவர்க்கும் எடுத்துரைப்பார்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் தேவை, போர்த்தண்ணீரோ உப்பு என்பதே இவர் முயற்சிக்குச் சொல்லப்படும் காரணம். அதற்கு ஒரு பழைய குக்கரும், ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் வாங்கிய செப்புக்குழாயும் போதுமாயினும், ஒருமுறை ஊற்றிக் காய்ச்சி அடுப்பை அணைப்பதைச் சமையல் என்று ஒதுக்கிவிட்டு, ஒருபுறம் நீர் நுழைந்துகொண்டும் மறுபுறம் சொட்டிக்கொண்டும் இருக்கும் தொடர்வாலையையே இவர் நாடுவார். அதில், ஆவிக்குழாயைச் சுற்றியோடிச் சூடேறிய நீரில் ஒரு பகுதி கொதிகலனுக்குள் செல்ல, நீர்மட்டத்தை ஃப்ளஷ் டேங்கிலிருந்து கழற்றிய மிதவை வால்வு காக்க, கலனில் தேங்கும் உப்புநீர் தனிக்குழாயில் வெளியேறும்.

ஒரு லிட்டர் இறக்க ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரமும், குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையை 30 பாகை கூடவிட்டாலும் சுமார் 18 லிட்டர் தண்ணீரும் வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இக்கணக்கை இல்லத்தரசி எழுப்பும்போது, அவ்வளவும் குளிப்பதற்கு வெந்நீர்தானே என்று மே மாதத்தில் இவர் விடையளிப்பார். மின்வெட்டுக்கென வைத்த பேட்டரிக்காக உழைக்கும் எந்திரம் மின்வெட்டில் நின்றுவிடுவதை மட்டும் இவர் விவாதிப்பதில்லை.

ஒரு கிலோவாட் சூடேற்றி இரவுபகலாக எரிந்தால் நாளொன்றுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் இறங்கும். பேட்டரி குடிப்பதோ சில மாதங்களுக்கு ஒருமுறை ஓரிரு லிட்டர். எஞ்சியதை லேபிள் கிழித்த பாட்டில்களில் நிரப்பி, மஞ்சள் பையில் மறைத்து, அந்தி வேளையில் வீடுவீடாக வழங்குவதால், "என்ன சார், மாடியில காய்ச்சுறீங்களாமே?" என்ற விசாரணை தொடங்குகிறது. சாராயம் காய்ச்சுவதோடு அதற்கெனக் கருவி வைத்திருப்பதையும் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் குற்றமாக்குவதால், இக்கேள்வி வெறும் வேடிக்கையன்று. அதற்கு இவர், 1830-இல் தொடர்வாலைக்குக் காப்புரிமை பெற்ற அயர்லாந்துக்காரர் ஏனியாஸ் காஃபி முன்னாள் கலால் அதிகாரி என்று கூறித் தம் தொழிலின் கண்ணியத்தை நிறுவுவார். அந்த அதிகாரி அதில் இறக்கியது என்ன என்று அடுத்தவர் கேட்கும்வரை அவ்வாதம் நிலைக்கும்.

இவருக்கு வேண்டியது நீரன்று, நில்லாமல் ஓடும் எந்திரம். அதை மேலும் நில்லாமல் ஓடச் செய்வதற்காகவே அதை அடிக்கடி நிறுத்திப் பிரித்துப்போடுகிறார். ஆகவே, பேட்டரி வற்றும் நாளில் வாலை பாகம் பாகமாகக் கிடக்க, இல்லத்தரசி கேம்ப் ரோடு கடையிலிருந்து ஐந்து லிட்டர் கேன் வரவழைப்பார். வாலையர் நாணுவதில்லை; நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை அந்தக் கேனில் அமிழ்த்தி, கடைத் தண்ணீர் 4, தம்முடையது 2 என்று அறிவித்துவிட்டு, ஸ்பேனருடன் மாடியேறுவார்.