சாயம் போகுமா, சார்?

குடியாத்தத்தில் கைலி வாங்குகிறவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சாயம் போகுமா என்று இரண்டு தடவை கேட்பார். அப்புறமும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வார். அதே ஆள் யூடியூப்பில் எவரோ சொன்ன சில்லறைப் பங்கை மறுபேச்சில்லாமல் வாங்கிவிடுவார்.

2022இல் சாத்னா பிராட்காஸ்ட் பங்கை அப்படித்தான் ஏற்றினார்கள். அதானி குழுமமே அந்தக் கம்பெனியை வாங்கப்போகிறது என்று வீடியோக்கள் புளுகின. ஊர் பாய்ந்து வாங்கியது. உள்ளே இருந்தவர்கள் சத்தமில்லாமல் விற்றார்கள். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் இடைக்கால உத்தரவு 2023 மார்ச்சில் வந்தது. இறுதி உத்தரவு 2025 மே மாதம். சட்டம் நடந்துதானே வரும்!

ஏமாந்தவர் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் தரலாம், போலீசுக்கும் போகலாம். மோசடி செய்தவர்களிடமிருந்து செபி பிடுங்கிய லாபம் பெரும்பாலும் முதலீட்டாளர் பாதுகாப்பு மற்றும் கல்வி நிதிக்குத்தான் போகும். உங்கள் வங்கிக் கணக்குக்கு அல்ல.