விழுங்கினால் மட்டும் போதுமா?

கேள்வி: பிகானேரில் உத்தியோகம் பார்க்கிறேன். அடுத்த வீட்டுப் பையனின் கன்னத்தில் மாதக்கணக்கில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது. டாக்டர் ‘லீஷ்மேனியா’ என்றாராம். ஒரு பூச்சிக்கடிக்கா இத்தனை பெரிய பெயர்?

பதில்: பெயர்தான் பெரிது, காரணமோ அற்பத்திலும் அற்பம். கொசுவில் மூன்றிலொரு பங்கே இருக்கும் பெண் மணல் ஈ, சத்தமின்றி வந்து ரத்தம் குடிக்கும்போது, தன் வயிற்றில் வளர்ந்திருக்கும் ஓரணு ஜீவன்களைத் தோலுக்குள் விட்டுவிட்டுப் போகிறது. வாரங்கள் சென்றபின் அவ்விடத்தில் ஒரு பரு தோன்றி, மேடாகி, நடுவில் குழிந்து, கரை உயர்ந்த புண்ணாகிறது. அலெப்போக் கட்டி, பாக்தாத் கட்டி, தில்லிக் கட்டி என்று, போன ஊரின் பெயரையெல்லாம் வாங்கிக்கொண்ட பழைய வியாதி இது. இன்றும் உலகில் ஆண்டொன்றுக்கு 6 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வரையில் இதற்குப் புதிதாக ஆளாகிறார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு.

கேள்வி: வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கிருமியை மட்டும் ஏன் விழுங்கவில்லை? (பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: விழுங்காமல் இல்லை, அம்மா, விழுங்கியதனால் வந்த வினைதான் இது. 1882-ஆம் ஆண்டு மெஸ்ஸினா நகரில், இலியா மெச்னிகோவ் என்ற விஞ்ஞானி, நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் பருவத்து உடலில் ரோஜா முள்ளைச் செருகி வைத்து, மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி நடமாடும் அணுக்கள் மொய்த்திருக்கக் கண்டார். அந்தக் காட்சியிலிருந்து பிறந்த விழுங்கணு சாஸ்திரம் 1908-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. மணல் ஈ கடித்த இடத்திலும் அதே மொய்ப்பு நிகழ்வதை எலிகளின் தோலில் கண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளணுக்கள் ஓடிவந்து கிருமிகளை விழுங்குகின்றன. ஆனால் விழுங்கப்பட்டவை எல்லாம் மாண்டுபோவதில்லை. நியூட்ரோபில்லோ அற்பாயுசு. அது மடிந்தபின், எஞ்சிய கிருமிகள் மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கணுவுக்குள் போய்ச் சேர்கின்றன. மற்றக் கிருமிகளைக் கரைத்து ஜீரணிக்கும் அமில அறைக்குள்ளேயே லீஷ்மேனியா தன் வாலைச் சுருக்கி, உருண்டையாகி, ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகத் தொடங்குகிறது. காய்கறியாகச் சமையலறைக்குள் நுழைந்து, அங்கேயே குடும்பம் நடத்தும் சாமர்த்தியம் அதற்கு இருக்கிறது.

கேள்வி: காவலாளியின் வீட்டிலேயே திருடன் குடியிருந்தால், யாரிடம் போய் முறையிடுவது?

பதில்: டி அணுக்கள் என்னும் வேறொரு வகை வெள்ளணுக்களிடம். மேக்ரோஃபேஜிடம் ஆயுதம் இல்லாமலில்லை; உத்தரவு வந்தாலன்றி அதை அது முழு வேகத்தில் எடுப்பதில்லை. தோலிலுள்ள கிளையணுக்கள் கிருமியின் அடையாளத்தை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் சென்று காட்ட, அதைக் கற்றுக்கொண்ட டி அணுக்கள் பெருகித் திரும்பிவந்து, இன்டர்ஃபெரான் காமா என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அதுதான் உத்தரவு. அது கிடைத்த மேக்ரோஃபேஜ், நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரித்து, தன் வயிற்றில் வளர்ந்த எதிரியைத் தானே கொல்கிறது.

கேள்வி: ஒருவருக்கு ஆறுகிறது; இன்னொருவருக்கு ஆறாமல் பரவுகிறது. இது தலைவிதியா?

பதில்: விதியென்று விட்டுவிடாமல் தேடியவர்களால்தான் இதற்கு விடை கிடைத்தது. உதவி டி அணுக்களில் இரு வகை உண்டென்பதை 1986-இல் மாஸ்மன், காஃப்மன் என்ற விஞ்ஞானிகள் எலிகளில் காட்டினார்கள். அதன்பின் பார்த்தபோது, ஒரு கறுப்பு எலி வம்சம் முதல் வகை அணுக்களைக் கொண்டு இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து குணமாவதும், ஒரு வெள்ளை எலி வம்சம் இரண்டாம் வகையினால் இன்டர்லூகின்-4 என்பதைச் சுரந்து நோய்க்கு இரையாவதும் தெரிந்தது. இரண்டிடத்திலும் சேனை திரண்டது, உத்தரவுதான் வேறு. மனித தேகத்தில் இந்தப் பிரிவினை இவ்வளவு தெளிவாக இல்லையென்றாலும், தத்துவம் அதுவே.

கேள்வி: அப்படியானால் டி அணுக்களை மருந்தால் இன்னும் தூண்டிவிட்டால் தீர்ந்தது அல்லவா?

பதில்: கன்னத்துப் புண்ணைக் குடைவது கிருமி மட்டுமன்று, அதை எதிர்க்கும் அணுக்களின் ஆவேசத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. தென்னமெரிக்காவில் மூக்கையும் அண்ணத்தையும் அரித்துவிடும் ஒரு வகையில், கிருமிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். திரண்டிருக்கும் வெள்ளணுக்களோ ஏராளம். அதற்கு நேர்மாறாக, டி அணுக்கள் மௌனமாகிவிட்ட சிலருக்குத் தோலெங்கும் முடிச்சுகள் பரவி, ஒவ்வொன்றிலும் கிருமிகள் நிறைந்திருக்கின்றன. கோபமே இல்லாமையும், அடங்காத கோபமும் ஆகிய இந்த இரு துன்பங்களுக்கும் நடுவிலுள்ள குறுகிய பாதைக்குத்தான் குணம் என்று பெயர். இன்டர்லூகின்-10 போன்ற அடக்கும் சமிக்ஞைகளையும் தேகம் வைத்திருப்பது அந்தப் பாதையைக் காப்பதற்காகவே.

கேள்வி: ஒரு முறை வந்தால் மறுபடி வராதா?

பதில்: பெரும்பாலும் அதே இனத்தால் வராது. மேற்காசியாவில், குழந்தைகளின் முகம் கெடாதிருக்கும் பொருட்டு, உடையால் மறையும் இடத்தில் புண்ணின் சத்தை வேண்டுமென்றே ஏற்றிவிடும் வழக்கம் முற்காலத்திலேயே இருந்தது. அதன் சூக்ஷ்மத்தை 2002-இல் வெளிவந்த ஓர் எலி ஆராய்ச்சி விளக்கிற்று: புண் ஆறியபின்னும் அடக்கும் டி அணுக்களின் தயவால் சில கிருமிகள் அங்கே தங்கிவிடுகின்றன, அவை அடியோடு அழிந்துபோனால் எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்துவிடுகிறது. பாடத்தை மறவாதிருக்கத் தேகம் ஒரு பிரதியை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறது.

கேள்வி: இந்தக் கதையில் சென்னைக்குப் பங்கு உண்டா?

பதில்: உண்டு. இதே குடும்பத்துக் கிருமியால் வரும் காலா அசார் என்னும் காய்ச்சலின் காரணத்தை, 1903-இல் லீஷ்மன் என்பவரும், சென்னையில் சார்லஸ் டானவனும் தனித்தனியே கண்டறிந்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்தே அக்கிருமி ‘லீஷ்மேனியா டானவனி’ ஆயிற்று.

கேள்வி: (பிகானேர் வாசகரே மீண்டும்) அந்தப் பையனுக்கு நான் என்ன செய்யலாம்?

பதில்: சூடு வைப்பதற்கும், கண்ட தழையைக் கட்டுவதற்கும் விடாமல் தோல் வைத்தியரிடமே தொடர்ந்து அனுப்புங்கள், ஆன்டிமனி ஊசியும், வெப்ப சிகிச்சையும் இதற்கு உண்டு. நுண்ணிய கண்ணுள்ள கொசுவலைக்குள் அவன் தூங்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, இது தொட்டால் ஒட்டுவதில்லை, ஈயின் மூலமே பரவுவது என்பதைத் தெருவாருக்குச் சொல்லுங்கள். கடிவாய்க்கு ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவரும் அணுக்கள் அவன் தேகத்துக்குள் இருக்கின்றன. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட, வெளியே இருக்கும் நாமும் அவ்வளவு நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளலாகாது.