செலக்‌ஷன் அப்பா

இரவு பத்தே முக்காலுக்குப் போன் அடித்தால் அவர்தான். "சார், எச்.சி. வர்மா புஸ்தகம் எப்படி?"

ஆம்பூரில் இந்த ரகத்து அப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. பையன் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வீட்டிலேயே படிக்கிறான். எழுதப்போவது என்.ஐ.ஓ.எஸ். என்ற திறந்தநிலைப் பள்ளித் தேர்வு, அதில் இயற்பியலுக்கு எண் 312. புத்தகமும் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் முப்பது வருஷம் தோல் செலக்‌ஷனில் நின்ற மனுஷர் வந்த முதல் சரக்கையே எடுத்துக்கொள்வாரா?

புத்தகத்தை அவர் படிப்பதில்லை, பார்ப்பார். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடிப்பார். அட்டையில் உள்ளங்கையால் ஒரு தடவல். தோலை மேல்பக்கம் உள்ளே வரும்படி மடித்து லூஸ் க்ரெயின் (மேல்பக்கம் தளர்ந்து சுருக்கம் விழுவது) இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதே மாதிரி நடுத்தாளை வளைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அப்புறம்தான் தீர்ப்பு. 2018-ல் வந்த நம் பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்: "கலரு நல்லா இருக்கு, வெயிட்டு ஜாஸ்தி." என்.சி.இ.ஆர்.டி.: "ஓரத்துல வெட்டிட்டாங்க சார்." (பொய்யில்லை, 2022-ல் பாடங்களைக் குறைத்தார்கள்.) வர்மா ஏ கிரேடுதான், இருந்தாலும் இரண்டு பாகம், "ஜோடி சேருதான்னு பாக்கணும்." ரஷ்யாக்காரர் இரோடவின் கணக்குப் புத்தகத்தை ஒரே தடவலில் தள்ளிவிட்டார்: "இது எருமைத்தோல் சார். பையனுக்கு ஆட்டுத்தோல்தான் சரிப்படும்."

"பையனுக்கு எது புடிச்சிருக்காம்?"

"அவனுக்கு என்ன சார் தெரியும்?"

அவனுக்குத் தெரியும், அளவீடு மட்டும். இயற்பியல் பாடநூலை எவர் எழுதினாலும் பெரும்பாலும் தொடக்கத்தில் அலகும் அளவும்தான், ஹாலிடே–ரெஸ்னிக்கும் அப்படியே. அப்பா புத்தகம் மாற்றும்போதெல்லாம் பையன் முதல் பாடத்துக்குத் திரும்புகிறான். வெர்னியரை ஐந்து தடவை படித்துவிட்டான். பரிமாணச் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இரண்டாம் பாடத்தின் முகத்தைத்தான் இன்னும் பார்க்கவில்லை.

எனக்கு வயிற்றெரிச்சல் இதுதான். போன வாரம் பொறுக்காமல் கத்திவிட்டேன். "உங்க கம்பெனி டிரம் மூணு மீட்டர் விட்டம்னு வெச்சுக்குங்க. நிமிஷத்துக்கு 24, 25 சுத்துக்கு மேல ஓட்டினா என்ன ஆகும்? தோல் உள்சுவத்தோட ஒட்டிக்கிட்டுக் கூடவே சுத்தும். மேல போயி விழுந்து புரளாது, மருந்து ஏறாது. அதனாலதான் மெதுவா ஓட்டுறீங்க. அந்த 24-ஐப் பையன் பத்து நிமிஷத்துல கணக்குப் போடுவான். வட்ட இயக்கம்னு ஒரு பாடம், நீங்க ரிஜெக்ட் பண்ண எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்கு!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வருத்தப்பட்டுவிட்டாரோ என்று நினைத்தேன்.

"வேகமா ஓட்டுனா மேஸ்திரி அடிக்க வருவாரு சார்," என்றார் மெல்ல. "நான் பதினாறு வயசுல சேர்ந்தேன். ஏன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல."

மறுநாள் சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாராம்; பையன் சொன்னான். வட்ட இயக்கம் பாடத்தையும் ஒருவழியாகப் பிரித்துவிட்டானாம்.

இரவு பத்தே முக்கால். போன்.

"சார், விட்டம்னா உள்பக்கமா, வெளிப்பக்கமா?"