எம்.ஜி.ஆர். ஏறாத வண்டி

எங்கள் வீட்டு கார் ஷெட்டில் கார் நின்று நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு மெட்டடார் வேன் நிரந்தரமாகக் குடியிருந்தது. நான்கு டயரும் காற்றிறங்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். டிரைவர் சீட்டில் ஒரு பூனை மூன்று தலைமுறையாகக் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. பெரியப்பா அதை வேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "எம்.ஜி.ஆர். ஏறின வண்டி" என்றுதான் சொல்வார்.

தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். ஏறிய வண்டிகளை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் ஆண்டிபட்டியில் தொடங்கி கோட்டை வாசல் வரை நிற்கும். அவர் கை நனைத்த வீடுகளைக் கணக்கெடுத்தால், மனிதருக்குப் படம் நடிக்கவோ ஆட்சி செய்யவோ நேரமே கிடைத்திருக்காது. எங்கள் வீட்டுப் பங்குக்கு வந்த கதை இது: 1984 தேர்தல், ஆண்டிபட்டி. தலைவர் இந்த வேனின் கூரைமேல் ஏறி, இரண்டு விரலைக் காட்டிவிட்டு இறங்கிப் போனார். அதற்கு அத்தாட்சி, கூரையில் இருக்கிற பள்ளம். அது அவர் பாதம் பட்ட இடம். ஆயுத பூஜைக்கு வண்டிக்கு ஒரு பொட்டு என்றால், பள்ளத்துக்குக் கிண்ணம் நிறைய சந்தனம்.

காயலாங்கடைக்காரர் ஒருநாள் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிலோ கணக்கில் விலை சொன்னார். பெரியப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள், "சரி, நானே புதுப்பிக்கிறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஒரு வாக்கியத்தில் போயின.

வைத்தியம் பார்ப்பதற்கு முன் குலம் கோத்திரம் விசாரிக்க வேண்டுமே. மெட்டடாரின் பிறந்தகம் ஜெர்மனியின் ஹாம்பர்க். 1949-இல் அங்கே 'டெம்போ' என்ற பெயரில் வண்டி செய்துகொண்டிருந்த கம்பெனி இதைப் பெற்றெடுத்தது. பெற்றெடுத்தது என்னவோ உண்மை. ஆனால் என்ஜின் இரவல். ஃபோக்ஸ்வாகனிடம் 25 குதிரைசக்தி என்ஜினை வாங்கிப் பொருத்தினார்கள். அடுத்த வருடமே ஃபோக்ஸ்வாகன் சொந்தமாக வேன் செய்ய ஆரம்பித்து, 1952-இல் "உனக்கு இனி என்ஜின் கிடையாது" என்று கைவிரித்துவிட்டது. பக்கத்து வீட்டு அரிசியை நம்பி உலை வைத்தவன் கதைதான்.

அப்புறம் ஹெய்ங்கெல் என்ஜின் வந்தது. உலகப் போரில் லண்டன் தலைமேல் குண்டு போட்ட விமானங்களைச் செய்த அதே ஹெய்ங்கெல். தோற்றபிறகு விமானம் செய்யக் கூடாது என்று தடை விழுந்ததால் ஸ்கூட்டர், என்ஜின் என்று பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் பொருத்தியது யாருடைய என்ஜினை? குண்டு வாங்கிய பிரிட்டனின் ஆஸ்டின். சம்பந்தி சண்டைகூட இவ்வளவு சீக்கிரம் சமாதானமாகாது.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தது புனேயின் பஜாஜ் டெம்போ. அந்தக் கம்பெனியின் மூன்று சக்கர வண்டி ஏற்கெனவே ஊரெல்லாம் ஓடி, 'டெம்போ' என்பது கம்பெனிப் பெயர் என்பதையே நாம் மறந்துபோயிருந்தோம். 1969 வாக்கில் மெட்டடார் வந்தது. ஸ்பானிய மொழியில் மெட்டடார் என்றால் காளையைக் கொல்பவன். நம் ஊரில் அந்தக் கொலைகாரன் செய்த வேலைகள்: கல்யாணத்துக்கு ஆள் ஏற்றுவது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போவது, அங்கிருந்து சில சமயம் பிணம் கொண்டுவருவது. முன்சக்கரம் இழுக்கிற வண்டியானதால் தளம் தாழ்ந்திருக்கும், பாட்டிமார் ஏறுவது சுலபம். டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற என்ஜின் மூடிமேல் உட்கார்ந்து பழனிக்குப் போனவர்களுக்குத் தனியாகக் காவடி எடுக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. வெந்தே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

சரி, துருவுக்கு வருவோம். வெளியே பார்த்தால் பெயின்டில் கடுகளவு கொப்புளம். டிங்கர் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை அதில் வைத்து லேசாக அழுத்தினார். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. உள்ளேயிருந்து பாக்குத்தூள் மாதிரி பழுப்பாகக் கொட்டியது. துரு ஒரு வினோதமான குடித்தனக்காரன். தான் தின்ற இரும்பு இருந்த இடத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயின்ட் உப்புகிறது. அதற்கு வேண்டியதெல்லாம் தண்ணீரும் காற்றும். எங்கள் ஷெட்டு ஓட்டில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

"தம்பி, இது வண்டி இல்ல. பட்டியால செஞ்ச பொம்மை" என்றார் டிங்கர். பொய்யில்லை. படிக்கட்டுப் பக்கம் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொப்' என்றது. விரல் கனத்துக்குப் பட்டி. அதை உடைத்தால் உள்ளே சிமென்ட் சாக்கு. சாக்குக்குப் பின்னால் சுருட்டி அடைத்த செய்தித்தாள், பாதி சினிமா விளம்பரம். முந்தைய தலைமுறை டிங்கர்கள் ஓட்டையை அடைக்கவில்லை, அடக்கம் செய்திருக்கிறார்கள். அழுகினதை அறுத்து எறிந்து, 18 கேஜ் தகடு வெட்டி வைத்து, வெல்டிங் அடித்து, ரெட் ஆக்சைடு பூசினோம். நான் வைத்த முதல் வெல்டிங் இரண்டு தகடுகளையும் சேர்க்கவில்லை, மூன்றாவதாக ஒரு ஓட்டையைச் சேர்த்தது.

பிறகு பெயின்டை உரிக்கிற வேலை. கீழடியில் 2015-இல் குழி தோண்டியவர்கள் எப்படிப் படிப்படியாக இறங்கினார்களோ, அப்படி நான் உப்புத்தாளோடு இறங்கினேன். மேல் அடுக்கு வெள்ளை: கல்யாண வேன் காலம். அதன் கீழே மஞ்சள்: பள்ளிக்கூட வேன் காலம். அதற்கும் கீழே பச்சை. "இது எந்தக் காலம் பெரியப்பா?" என்று கேட்டதற்கு அவர் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார். பின்கதவின் ரப்பரைப் பிய்த்ததும் விடை கிடைத்தது. கைப்பிடி அளவு கோழி இறகு. தலைவர் நின்ற கூரைக்குக் கீழே கொஞ்ச காலம் பிராய்லர் கோழிகள் பயணம் செய்திருக்கின்றன.

இந்த அகழாய்வின் நடுவில்தான் பீரோவிலிருந்து ஆர்.சி. புத்தகம் கிடைத்தது. முதல் பதிவு, நவம்பர் 1984. எனக்குப் பொறி தட்டியது. அந்த வருடம் அக்டோபரில் எம்.ஜி.ஆர். படுத்தார். நவம்பர் முதல் வாரம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 24 ஓட்டுப்பதிவு அன்று அவர் நியூயார்க்கின் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தார். தொகுதிப் பக்கமே வராமல் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். சென்னை திரும்பியது 1985 பிப்ரவரியில். அப்படியானால் எங்கள் கூரைமேல் ஏறியது யார்?

பெரியப்பாவிடம் கேட்கத் துணிவில்லை. அந்த நாளில் வண்டிக்குக் கிளீனராக இருந்தவர் இப்போது டீக்கடை வைத்திருக்கிறார். போய்க் கேட்டேன். கிளாஸைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"தலைவரு எங்க தம்பி வந்தாரு? டெக்குதான் வந்துச்சு. ஆஸ்பத்திரியில அவரு எந்திரிச்சு ஒக்காந்து சாப்புடுற கேசட்டு. ஊர் ஊராப் போயி வண்டி மேல டிவிப் பெட்டிய வச்சுப் போட்டுக் காட்டுவோம். சனம் சூடம் கொளுத்தும். பெட்டி விழுந்துரக் கூடாதுன்னு நான் மேல ஒக்காந்து புடிச்சுக்குவேன். ஒரு மாசம் ஒரே எடத்துல ஒக்காந்ததுல தகரமே அமுங்கிப் போச்சு."

ஆக, நாற்பது வருடமாக நாங்கள் சந்தனம் பூசிக் கும்பிட்டது இந்த அண்ணன் உட்கார்ந்த தடத்தை.

அன்று ராத்திரி பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஏன்டா, அதுக்கு முன்னாடி மட்டும் அவர நாங்க எங்க பாத்தோம்? கொட்டகையில தெரையிலதான பாத்தோம்? தெரையில வந்தா வந்ததுதான்டா."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. மாநிலமே அப்படித்தான் ஓட்டுப் போட்டது. பெரியப்பாவை மட்டும் பொய்யர் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

வண்டி இப்போது கிளம்புகிறது. நிற்பதுதான் கொஞ்சம் சிரமம். கூரையில் எல்லா ஓட்டையையும் அடைத்தோம். பள்ளத்தை மட்டும் டிங்கர் நிமிர்த்த வந்தபோது பெரியப்பா சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார்.

பழைய வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021-இல் விதி போட்டிருக்கிறது. 50 வயது தாண்டி, உருவம் மாறாமல், வியாபாரத்துக்கு ஓடாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். பதிந்தபின் தினப்படி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், எண்ணெய் போடப் போகலாம், பழுது பார்க்கப் போகலாம். எங்கள் வண்டிக்கு அந்த வயது 2034 நவம்பரில் வருகிறது. விண்ணப்பத்தில் 'எம்.ஜி.ஆர். ஏறின வண்டி' என்று மறக்காமல் எழுதச் சொல்லி பெரியப்பா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.