பியானோ பயின்ற பிரகிருதி

நண்பர் வீட்டுக் கூடமாயினும் சரி, பள்ளிக்கூடப் பிரார்த்தனை மண்டபமாயினும் சரி, பியானோ என்ற வஸ்து கண்ணில் பட்டுவிட்டால் போதும். பால்யத்தில் டிரினிட்டி காலேஜ் பரீட்சைக்காகப் பரங்கிமலையில் ஒரு துரைசானியிடம் பாடம் கேட்ட அந்த மகானுபாவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, யாரும் கேளாமலேயே அதன் முன் அமர்ந்து, பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' என்னும் உருப்படியைத் தொடங்கிவிடுவார். தொடங்குவார் என்றுதான் சொல்கிறேன். வலக்கை விரல்கள் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்குமாகச் சற்றே ஊசலாடிக் கீழிறங்கும். இடக்கையும் வந்து சேர்ந்துகொள்ளும். பரவாயில்லையே என்று நாம் நிமிர்ந்து உட்காரும் சமயத்தில் கைகள் இரண்டும் அந்தரத்தில் நின்றுவிடும். "இருங்க சார், இப்ப வந்துடும்" என்பார். வராது. ஞாபகமெல்லாம் விரலில் இருக்கிறதாம், புத்தியைக் கொண்டு தேடினால் ஓடி ஒளிந்துகொள்ளுமாம். ஆகையால் நின்ற இடத்திலிருந்து தொடர இயலாது, மறுபடியும் முதலிலிருந்தே புறப்பட வேண்டும். புறப்படுவார், அதே இடத்தில் நிற்பார். நடுவே வேறு இரண்டு பகுதிகள் வந்துபோனாலும் கடைசியில் பல்லவியே திரும்ப வருவதால், முதலும் முடிவும் தமக்குப் பாடம் என்றும், இடைப்பட்டதுதான் சற்று நழுவிவிட்டதென்றும் அவர் வாதிப்பதுண்டு. 1810-இல் எழுதிய அதைப் பீத்தோவன் தம் ஆயுட்காலத்தில் அச்சுக்கே கொடுக்கவில்லை. அவர் காலஞ்சென்று நாற்பது வருஷம் கழித்து, 1867-இல்தான் அது வெளிவந்தது. அந்த மேதையின் தீர்க்கதரிசனத்தை நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

பியானோ இல்லாத வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்று எண்ணிவிடலாகாது. சமையலறை இருக்கிறதே! முதல் அடிக்கு ஆறே ஸ்வரங்கள் போதும் என்று கணக்குச் சொல்லி, ஆறு பீங்கான் கிண்ணங்களை வரிசையாகப் பரப்பி, ஸ்பூனால் தண்ணீர் விட்டும் எடுத்தும், பென்சிலால் தட்டிக் காதைச் சாய்த்துச் சுருதி சேர்ப்பார். தட்டினால் நீர் ஏற ஏற ஸ்வரம் இறங்கும், அதே நீரைப் புட்டியில் விட்டு அதன் வாயில் ஊதினாலோ நீர் ஏற ஏற ஸ்வரமும் ஏறும் என்ற பௌதிக விநோதத்தை, காபி ஆறிப்போவதையும் பொருட்படுத்தாமல் விளக்குவார். இரண்டு கிண்ணங்கள் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். செருப்புப் பெட்டியில் ரப்பர் வளையம் மாட்டிய வீணையைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

குழந்தைகளுக்கு மட்டும் அவர் பரம சிநேகிதர். பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கி, பீப்பி செய்துகொடுத்துத் தாமும் ஒன்றை ஊதுவார். அதற்கு ஒரே சப்தம்தான் உண்டாகையால், அவர் தடுமாறாமல் வாசித்து முடிக்கும் வாத்தியம் அது ஒன்றே; அப்போது அவர் முகத்தில் பொங்கும் ஆனந்தத்தைக் கண்டு என் மனமும் இளகியதுண்டு.

ஆனால் கிண்ண விஷயம் வேறு. அவை என் மனைவிக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்தவை. வீட்டில் வைத்து நிதானமாகச் சேர்த்துப் பார்ப்பதாகச் சொல்லி ஆறையும் எடுத்துப் போனவர், ஐந்தைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஆறாவது எங்கே என்று கேட்டால், அது ஒன்றுதான் சரியாகச் சேர்ந்திருக்கிறது, தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை என்கிறார்.