வாத்தியார் வீட்டுத் தண்ணீர்

தர்மபுரி மாவட்டத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்துகொண்டு, போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று நம்பியவன் நான். நம்பியதோடு நிற்காமல் பக்கத்து வீடுகளுக்கும் சிபாரிசு செய்தேன். மூன்றாம் வகுப்பு படித்த மகன்தான், "ஏம்பா, உப்புத் தண்ணியக் காய்ச்சுனா உப்புதான மிஞ்சும்?" என்று கேட்டான். கிருமி சாகும், ஃபுளோரைடுக்கு உயிரா இருக்கிறது? தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். "போய் வீட்டுப்பாடத்த எழுதுடா" என்று அவனை விரட்டிவிட்டு அடுப்பை அணைத்தேன்.

அவன் பல்லில் பழுப்புக் கறை தெரிந்ததும் பழியை பிரஷ் மேல் போட்டேன். உப்பு, கரி, சமையல் சோடா என்று வரிசையாகத் தேய்க்கவிட்டேன். புண்ணானது ஈறுதான். ஈறுக்குள் எனாமல் உருவாகும்போதே, எட்டு வயதுக்குள் ஃபுளோரைடால் உண்டாகிவிடுகிற கோளாறு அது. மேலே தேய்த்தால் எப்படிப் போகும்? போதாததற்கு, விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நீளத்துக்கும் ஃபுளோரைடு பேஸ்ட் பிதுக்கிக் கொடுத்து, அவன் அதை விழுங்குவதைப் பார்த்துச் சிரித்தவனும் நானே. மூன்று வயதுக்கு மேல் ஒரு பட்டாணி அளவு போதும்.

ஃபுளோரைடால் முட்டி தட்டும் கால்களோடு நடக்கும் பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஜப்பான் கடனுதவி, 1,928 கோடி ரூபாய், 2008இல் அடிக்கல், 2013இல் திறப்பு. அந்தக் காவிரித் தண்ணீர் எங்கள் தெருக் குழாயில் வந்ததும் நான் செய்த முதல் காரியம், தலைக்குக் குளித்தது. முடி கொட்டாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மிச்சம் குடிக்க. சோறும் பருப்பும் வழக்கம்போல மாடித் தொட்டியின் போர் தண்ணீரிலேயே வெந்தன. அரிசி குடிக்கிற தண்ணீரும் பிள்ளை வயிற்றுக்குத்தான் போகிறது என்பது வாத்தியார் மூளைக்கு எட்டவே இல்லை.

குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருப்பதற்கும் குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு குறைவதற்கும் தொடர்பு தெரிகிறது என்று 2024இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் சொன்னது. படித்த கையோடு மகனின் கணக்கு மார்க்கைத் தண்ணீர் கணக்கில் எழுதினேன்.

"அவனுக்குக் கணக்குச் சொல்லித் தர்றது யாருங்க?" என்றாள் மனைவி.

பேச்சை மாற்ற, போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி பாட்டிலில். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும், பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினாள் ஆய்வகத்தில் இருந்த பெண். என் பழைய மாணவி.