முள்ளைப் புகழ்ந்து சுளை தின்பவன்

1980களின் பிற்பகுதியில் தொடங்கிச் சில ஆண்டுகள், அமெரிக்கச் சிற்றூர்களிலும் பிரிட்டனின் புறநகர்களிலும் தெருவுக்கு ஒருவனாக வளர்ந்த பையன் இவன். வயது பதினைந்து, பதினாறு. முன்முடி கண்ணை மறைத்திருக்கும். கட்டம்போட்ட சட்டை பழைய துணிக்கடையில் வாங்கியது. எந்தத் தாத்தா மரம் வெட்டப் போகும்போது போட்டதோ! அறைக்கதவு எப்போதும் சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு, வாக்வம் கிளீனரை நிறுத்தாமல் விட்டது யார் என்று அம்மா மாடியேறி வருவார். வந்து, “இதையெல்லாமா பாட்டு என்று கேட்கிறாய்?” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவனுக்குப் பண்டிகை. இவனுக்குப் பாட்டு பிடிக்காது, இரைச்சல்தான் பிடிக்கும் என்று வீடு நம்புகிறது. அவனும் அப்படியே நம்புகிறான். இரண்டு கட்சியும் தவறு என்பது என் கட்சி. இனிப்பான மெட்டுக்கு இவனைப் போல ஏங்குகிறவன் கிடையாது. வெளியே சொல்லத்தான் வெட்கம்.

அவன் தன் பாட்டுகளைக் ‘கண்டுபிடித்த’ கதையிலிருந்தே தொடங்கலாம். பேச்சைக் கேட்டால் நடுக்கடலில் தனியாகப் போய்க் கரை கண்டவன் என்று தோன்றும். விசாரித்தால், வழி நெடுக ஆள் நின்று கைகாட்டியிருப்பார்கள். பிரிட்டனில் இருந்தால் பிபிசி ரேடியோ ஒன்றில் ஜான் பீல். 1967 முதல் 2004 வரை, யாரும் சீண்டாத இசைக்குழுக்களின் தட்டுகளைத் தேடி ஒலிபரப்பிய மனிதர் அவர். அமெரிக்காவில் இருந்தால் கல்லூரி வானொலி, இல்லையென்றால் 1986இல் எம்டிவி தொலைக்காட்சி தொடங்கிய ‘120 மினிட்ஸ்’ நிகழ்ச்சி. அது ஞாயிறு நள்ளிரவில் வரும். திங்கள் காலை வகுப்பில் இவன் கொட்டாவி விடுவதற்கு முழுக் காரணம் அதுதான். இவை எதுவும் இல்லாதவனுக்கு நண்பனின் அண்ணன் பதிவு செய்து கொடுத்த தொண்ணூறு நிமிடக் கேசட். ஆக, பாட்டை இவன் கண்டுபிடிக்கவில்லை; கையில் திணித்தார்கள். ஆனால் ஒன்றை இவன் உண்மையாகவே கண்டுபிடித்தான். முதல் தடவை கேட்டபோது வெறும் சத்தம். இரண்டாம் தடவையும் சத்தம்தான். கேசட்டைக் கொடுத்த அண்ணனின் மேல் இருந்த மரியாதையால் அணைக்கவில்லை. ஐந்தாறு தடவைக்குப் பிறகு ஒருநாள் பல் துலக்கும்போது தன் வாய் எதையோ முணுமுணுப்பதைக் கவனித்தான். அது மெட்டு. சத்தத்துக்கு அடியில் இத்தனை நாளும் கிடந்திருக்கிறது. அந்தக் கணத்தில்தான் அது ‘பிடித்த பாட்டு’ ஆயிற்று. முள் இருப்பதே பலாவின் பெருமை என்று ஊரெல்லாம் பேசுகிறவன், தின்பது சுளையைத்தான்.

சாட்சிகளைக் கூப்பிடுவோம். ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடு ஊர்ச் சகோதரர்களின் ‘தி ஜீசஸ் அண்ட் மேரி செயின்’ 1985இல் வெளியிட்ட ‘சைக்கோகேண்டி’ இந்தப் பையனுக்கு வேதம். அதன் முதல் பாட்டில் தொடக்கத்தில் வரும் டிரம் தட்டு, 1963இல் ‘தி ரோனெட்ஸ்’ பெண்கள் பாடிய ‘பி மை பேபி’ என்ற காதல் பாட்டிலிருந்து அப்படியே எடுத்தது. மினியாபொலிஸின் ‘ஹஸ்கர் டூ’, காது கிழியும் வேகத்துக்குப் பேர் போனவர்கள். அவர்கள் தங்கள் பாணியில் பாடிப் பதிவு செய்தவற்றில் ஒன்று, வீட்டுப் பெரியவர்கள் பார்த்த ‘மேரி டைலர் மூர் ஷோ’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் முகப்புப் பாட்டு. நிர்வாணா குழு 1988இல் விட்ட முதல் சிங்கிள், ஆயிரம் பிரதிகள் மட்டும் எண்ணிட்டு வெளிவந்து இன்று சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்ளும் தட்டு. அது ‘ஷாக்கிங் புளூ’வின் பாட்டு. ‘வீனஸ்’ என்ற பாட்டால் வானொலிகளில் கொடிகட்டிப் பறந்த அதே டச்சு பாப் குழுவேதான். சோனிக் யூத்தோ கித்தார் கம்பிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி வாசித்தவர்கள். 1994இல் அவர்களும் போய், மென்மைக்கே பேர் வாங்கிய ‘கார்ப்பென்டர்ஸ்’ அண்ணன் தங்கையின் ‘சூப்பர்ஸ்டார்’ பாட்டைப் பாடினார்கள். கேலி என்று நினைக்க வேண்டாம். கேரன் கார்ப்பென்டரைப் பற்றி 1990இலேயே உருகி ஒரு பாட்டு எழுதியவர்கள் அவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஜான் பீல் இருக்கிறார். எத்தனையோ ஆயிரம் தட்டுகளைக் கேட்ட அந்தக் காதுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்த பாட்டு, டெர்ரி நகரத்துப் பையன்களின் ‘டீனேஜ் கிக்ஸ்’. இரண்டரை நிமிடம், பக்கத்துத் தெருப் பெண்ணை நினைத்து ஏங்குவதைத் தவிர அதில் வேறு சமாச்சாரம் கிடையாது.

இதற்குக் கருவியிலும் ஒரு காரணம் இருக்கிறது. கித்தார் ஒலியை அளவுக்கு மீறிப் பெருக்கிச் சிதைத்தால், ஒவ்வொரு சுரமும் தன்னோடு புதுப்புது மேல்சுரங்களைக் கூட்டிக்கொண்டு வரும். நாலைந்து சுரம் சேர்ந்த நுட்பமான இசைக்கோவையை அந்தப் பெட்டிக்குள் அனுப்பினால் அவை ஒன்றோடொன்று மோதிக் கூழாகிவிடும். எனவேதான் இந்தக் குழுக்கள் ஆதார சுரம், அதன் பஞ்சமம் என்று இரண்டை மட்டும் பெரும்பாலும் பிடித்துக்கொள்கின்றன. கித்தார் இவ்வளவு எளிமையான பிறகு பாட்டைத் தூக்கி நிறுத்தும் வேலை முழுக்கப் பாடுகிறவரின் மெட்டின் தலையில் விழுகிறது. சத்தம் கூடக்கூட மெட்டு எளிமையாக, பிடிவாதமாக, குழந்தைப் பாட்டுபோல இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாறு தடவை கேட்டும் பையன் வாயில் எதுவும் ஒட்டாது.

“அப்படியானால் மெட்டை மட்டும் கேட்டுத் தொலைக்கலாமே, இந்தச் சத்தம் எதற்கு?” என்று கேட்பவர்களுக்குப் பதில் வேண்டும். பதினாறு வயதில் ஆண்பிள்ளை உருகக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. காதல் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கினால் பேருந்தில் ஏற முடியாது. அதே காதல் பாட்டின் மேல் மூன்று கித்தார்களை ஊளையிட விட்டால் அது வீரம் ஆகிவிடுகிறது. இன்னொரு மறுப்பு கனமானது: சத்தத்தையே சத்தத்துக்காக ரசிப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ‘மை பிளடி வேலன்டைன்’ தங்கள் ‘யூ மேட் மீ ரியலைஸ்’ பாட்டின் நடுவே மேடையில் ஒரே பேரிரைச்சலைக் கால்மணி நேரத்துக்கும் நீட்டுவதும், வாசலில் காதடைப்பான் கொடுப்பதும் உண்டு. அதில் உடம்பு அதிர நிற்பது ஒரு சுகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் பையன் அந்தக் குழுவின் 1991ஆம் ஆண்டு ‘லவ்லெஸ்’ கேசட்டைத் தேய்த்தது, அதில் பிலிண்டா புட்சர் அரைத்தூக்கத்தில் பாடுவதுபோல் பாடும் தாலாட்டுக் குரலுக்காக. உண்மையான சோதனை வேறொன்று. 1975இல் ராக் பாடகர் லூ ரீட் ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ என்று ஓர் இரட்டை எல்பி வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கித்தாரின் ஊளை, மெட்டு என்ற பேச்சே இல்லை. கடைசிப் பக்கத்தின் கடைசிச் சுற்று, ஊசியை நாமே எடுக்கும்வரை முடியாது. இரைச்சல்தான் இவனுக்கு உயிர் என்றால் இதுவல்லவா தேய்ந்திருக்க வேண்டும்? அவன் அலமாரியில் அது இருக்கும், யாராவது வந்தால் கண்ணில் படும் இடத்தில். முதல் பக்கத்தைத் தாண்டி ஊசி போன தடயம் இருக்காது.

1992 ஜனவரியில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ தட்டைத் தள்ளிவிட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்ததும் இவன் குட்டு வெளிப்பட்டது. அந்தத் தட்டில் சத்தத்தைத் துடைத்துப் பளபளவென்று பதிந்திருந்தார்கள். மெட்டைத் தேடி ஐந்தாறு தடவை கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் தங்கை முணுமுணுத்தாள், பள்ளிக் கால்பந்து அணி முணுமுணுத்தது. “விலைபோய்விட்டார்கள்” என்று இவன் புலம்பியதைக் கொள்கைக் கோபம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் அட்டைப் படத்துக்கே பெருநிறுவனப் பத்திரிகைகளைத் திட்டும் வாசகத்தைச் சட்டையில் எழுதிக்கொண்டு நின்றதில் கொள்கை கொஞ்சம் இருந்திருக்கலாம். நம் பையனின் கோபத்தில் அது குறைவு. ஒளித்து வைத்துத் தின்ற பண்டம் பந்தியில் எல்லா இலைக்கும் வந்துவிட்ட கோபம் அது.

ஆகவே, இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் திட்டுங்கள், கதவைத் தட்டுங்கள், சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், மகிழ்வான். “பாட்டு நன்றாக இருக்கிறதே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், நாளைக் காலையே வேறு இசைக்குழுவைத் தேட வேண்டியிருக்கும்.